காத்திருக்கும் வாங்கிலிருந்து தொடங்குதல்: வன்னி வைத்தியசாலைகளின் நிர்வாகச் சிக்கல்களை ஆய்ந்து தீர்க்கும் முறை

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு, இலங்கையின் வடக்கே வன்னியிலுள்ள ஓர் ஆதார வைத்தியசாலையின் கிளினிக் மண்டபத்துக்குச் சென்றால், வைத்தியர் வருவதற்கு இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருக்கும்போதே வாங்குகள் நிறைந்திருப்பதைக் காணலாம். சொப்பின் பைக்குள் சுற்றிய கிளினிக் கொப்பியையும் வெறுமையான மருந்துப் பட்டைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, நீரிழிவுக்கும் உயர் குருதியமுக்கத்துக்கும் மருந்தெடுக்க வந்த முதியவர்கள் இலக்கத் துண்டுக்காகக் காத்திருப்பார்கள். அவர்களில் சிலர் மதியம் ஒரு மணிக்கும் அங்கேதான் இருப்பார்கள். இந்த நெரிசல் மாதாந்தக் கூட்டத்துக்கு வரும்போது கூட்ட அறிக்கையில் பதிவாகும் வசனம் பெரும்பாலும் ஒன்றே: "வைத்தியர் பற்றாக்குறை, மேலதிக வைத்தியர் ஒருவரை நியமிக்குமாறு பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்குக் கடிதம் அனுப்புதல்." கடிதமும் போகும். வன்னியில் ஆளணி வெற்றிடங்கள் இருப்பது உண்மைதான். ஆனால் அந்த வைத்தியசாலையின் அந்த வாங்குகளை நிரப்புவது அந்த வெற்றிடந்தானா என்பதை எவரும் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வன்னியின் வைத்தியசாலைகளில் நிர்வாகப் பணியில் கழித்த ஆண்டுகளில் நான் திரும்பத் திரும்பக் கண்டது இதுதான்: சிக்கல் என்ற பெயரில் கூட்டத்துக்கு வருவது, யாரோ ஒருவர் ஏற்கெனவே மனதில் முடிவுசெய்துவிட்ட தீர்வாகவே இருக்கும். விமர்சன சிந்தனை என்று பயிற்சி நெறிகளில் கற்பிக்கப்படுவதை நான் மிக எளிதாக இவ்வாறு விளங்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு கூற்றைக் கேட்டதும், "இது உண்மையானால் வேறு எவற்றையும் நாம் கண்ணால் காணக்கூடியதாக இருக்க வேண்டும்?" என்று கேட்டு, அவற்றை நேரில் போய்ப் பார்த்த பின்னரே முடிவெடுப்பது. வைத்தியர்கள் இதை நாள்தோறும் செய்கிறார்கள். காய்ச்சலென்று வந்த கமக்காரரை டெங்கு என்றோ எலிக்காய்ச்சல் என்றோ வாசலிலேயே தீர்மானிக்காமல், வயற்சேற்றில் இறங்கினாரா, எத்தனையாம் நாள் காய்ச்சல், குருதிச் சிறுதட்டுக்கள் எந்த அளவில் உள்ளன என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வருகிறார்கள். அதே வைத்தியர் நிர்வாகக் கதிரையில் அமர்ந்ததும் அந்தப் பழக்கத்தைக் கைவிட்டுவிடுவது எனக்கு இன்றும் வருத்தந்தருகின்ற விடயம். அந்தப் பழக்கத்தை நிர்வாகத்துக்குள் கொண்டுவருவதற்கான வழிகளையே இங்கு எழுதுகிறேன்.

சிக்கலை எண்ணக்கூடிய வசனமாக எழுதுதல்

"கிளினிக்கில் சரியான நெரிசல்" என்பது ஓர் உணர்வு. "வைத்தியர் போதாது" என்பது ஒரு தீர்வு. இவ்விரண்டுக்கும் நடுவே எழுதப்பட வேண்டிய வசனம் இவ்வாறு அமையலாம்: "திங்கட்கிழமை நீரிழிவுக் கிளினிக்குக்கு வருபவர்களில் பாதிப்பேருக்கு மேல், வாசலுக்குள் நுழைந்த நேரத்திலிருந்து மருந்துடன் வெளியேறும் வரை நான்கு மணித்தியாலத்துக்கு மேல் செலவிடுகிறார்கள்." இதில் யார், எங்கே, எந்த நாள், எதிலிருந்து எதுவரை, எவ்வளவு என்பவை இருக்கின்றன, காரணமும் குற்றவாளியும் இல்லை. வசனத்தை எழுதிய பின் அதில் "வேண்டும்", "போதாது", "அலட்சியம்", "ஒத்துழைப்பின்மை" போன்ற சொற்கள் இருந்தால் அவற்றை வெட்டிவிட்டு மீண்டும் எழுதுங்கள். அவை உள்ளே இருக்கும் வரை, விசாரணை தொடங்கும் முன்னரே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

இந்த வசனத்தை எழுத முடியாமற் போவதுண்டு. நான்கு மணித்தியாலமா இரண்டா என்று எவருக்கும் தெரியாதிருக்கும். அவ்வாறாயின் அடுத்த வேலை எண்ணுவதுதான், கடிதம் எழுதுவது பொறுத்திருக்கலாம்.

நேரத் துண்டு

எண்ணுவதற்குக் கணினி தேவையில்லை. ஏ4 தாளொன்றை எட்டாகக் கிழித்து, ஒவ்வொரு துண்டிலும் ஐந்து வரிகளை இடுங்கள்: வந்த நேரம், இலக்கம் பெற்ற நேரம், வைத்தியர் முன் அமர்ந்த நேரம், மருந்தகத்தில் கொப்பி கொடுத்த நேரம், மருந்து பெற்ற நேரம். துண்டைக் கிளினிக் கொப்பியின் அட்டையில் பின் அடித்துவிட்டால், கொப்பி போகும் இடமெல்லாம் துண்டும் போகும். ஒவ்வொரு மேசையிலுமுள்ளவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை மட்டும் எழுதினால் போதும். நோயாளரின் பெயர் அதில் வேண்டியதில்லை. ஊரின் பெயர் வேண்டும். அதற்கான காரணத்தைப் பின்னர் சொல்கிறேன். தொடங்குவதற்கு முன் எல்லாக் கடிகாரங்களையும் ஒரே நேரத்துக்குத் திருப்பி வையுங்கள். நாங்கள் முதல் வாரத்தில் இதை மறந்ததால், வைத்தியரைப் பார்ப்பதற்கு முன்னரே மருந்து பெற்றவர்கள் சிலர் எங்கள் தாள்களில் தோன்றினார்கள்.

மூன்று திங்கட்கிழமைகள் இவ்வாறு எடுத்தோம். வைத்தியரின் முன்னால் ஒருவர் இருந்தது சில நிமிடங்களே என்பது எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது. எங்களுக்குத் தெரியாதிருந்தது முதல் வரி. வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏழு மணிக்கு முன்னரே வந்திருந்தார்கள். பத்து மணிக்குப் பின் வந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். "எங்கள் ஆட்களுக்குப் பொறுமையில்லை, ஓடி வந்துவிடுவார்கள்" என்று மேசையிலிருந்த ஒருவர் விளக்கம் சொன்னார். அதுவும் சோதிக்கப்பட வேண்டிய ஒரு கூற்றுத்தான். ஆகவே நான் வாங்கில் போய் அமர்ந்து, பக்கத்திலிருந்த அம்மா ஒருவரிடம் ஏன் இவ்வளவு வெள்ளென வந்தீர்கள் என்று கேட்டேன். "தம்பி, ஆறு மணி பஸ்ஸை விட்டா பிறகு பதினொண்டுக்குத்தான். அது இஞ்ச வந்து சேர நம்பர் முடிஞ்சிடும்," என்றார். அவர் வெறும் வயிற்றில் வந்திருந்தார். குருதிச் சீனி பார்ப்பார்களோ என்ற எண்ணத்தில், அன்று பரிசோதனை இல்லாதபோதும், சாப்பிடாமல் வந்திருந்தார். பத்தரை மணியளவில் அவருக்கு வியர்த்து, கை நடுங்கத் தொடங்கியது. தாதி ஒருவர் ஓடிவந்து சீனித் தண்ணீர் கொடுத்து அமர்த்தினார். நான் எந்தக் கூட்டத்தில் அமர்ந்தாலும் அந்த அம்மாவின் நடுங்கிய கையே என் மனதில் நிற்கிறது. காத்திருப்பு என்பது வெறும் வசதிக்குறைவு என்று எண்ணுபவர்கள், சாப்பிடாத நீரிழிவு நோயாளருக்கு நான்கு மணித்தியாலம் என்பது என்ன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கணக்கு எதைக் காட்டுகிறது

இப்போது ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். 120 பேர் காலை எட்டு மணிக்கு மண்டபத்தில் இருக்கிறார்கள், இரண்டு வைத்தியர்கள், ஒருவருக்குச் சராசரியாக 5 நிமிடம் என்று கொள்வோம். மணித்தியாலத்துக்கு 24 பேரைப் பார்க்கலாம். கடைசியாள் ஒரு மணிக்கு எழுவார். சராசரிக் காத்திருப்பு ஏறத்தாழ இரண்டரை மணித்தியாலம். மூன்றாவது வைத்தியர் கிடைத்தால் மணித்தியாலத்துக்கு 36 பேர். கடைசியாள் பதினொன்று இருபதுக்கு எழுவார். சராசரிக் காத்திருப்பு ஒரு மணித்தியாலமும் நாற்பது நிமிடமும். மூன்றாவது வைத்தியர் வராமல், அதே 120 பேரும் எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மணிக்கு 24 பேராக வந்தால், எவரும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காத்திருக்கத் தேவையில்லை. சராசரி அரை மணித்தியாலந்தான். வைத்தியர்களின் வேலைநேரத்தில் ஒரு நிமிடமும் கூடவில்லை. கடிதத்தில் கேட்கப்பட்ட தீர்வைவிட, கேட்கப்படாத தீர்வு காத்திருப்பை இரண்டு மடங்குக்கும் அதிகமாகக் குறைத்துத் தருகிறது.

ஆனால் இக்கணக்கைக் கண்டதும், கொப்பி இலக்க ஒழுங்கில் எல்லோருக்கும் நேரம் ஒதுக்கித் துண்டு கொடுப்பது இன்னொரு பிழையாகும். கொழும்பு மாவட்டம் ஏறத்தாழ 700 சதுர கிலோமீற்றர் பரப்பில் 2012 கணக்கெடுப்பின்படி இருபத்து மூன்று இலட்சம் மக்களைக் கொண்டது. முல்லைத்தீவு மாவட்டம் 2,600 சதுர கிலோமீற்றர் பரப்பில் அதே கணக்கெடுப்பில் ஓர் இலட்சத்துக்கும் குறைவானவர்களைக் கொண்டிருந்தது. கொழும்பில் பத்து நிமிடத்துக்கொரு பஸ் ஓடும் வீதியை நினைத்து வகுக்கப்பட்ட நேர ஒழுங்கு, காலையில் ஒன்றும் நண்பகலுக்கு முன் ஒன்றுமாகப் பஸ் வரும் ஊருக்குப் பொருந்தாது. பத்து மணித் துண்டு கையிலிருந்தாலும் அந்த அம்மா ஆறு மணி பஸ்ஸில்தான் வருவார். இதற்காகத்தான் நேரத் துண்டில் ஊரின் பெயரை எழுதச் சொன்னேன். ஊர்களை வீதிவாரியாகப் பிரித்து, முதற் பஸ்ஸில் மட்டும் வரக்கூடியவர்களை முதல் மணித்தியாலங்களிலும், நடந்தோ சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ வரக்கூடிய அருகிலுள்ளவர்களை அவர்களுக்குப் பின்னும், பதினொரு மணி பஸ்ஸில் வருபவர்களைக் கடைசியிலுமாக வைத்தோம். பதினொரு மணி பஸ்ஸில் வருபவர்களின் துண்டு எக்காரணம் கொண்டும் வேறொருவருக்குக் கொடுக்கப்பட மாட்டாது என்பதை எழுத்தில் ஒட்டினோம். அந்த உறுதி இல்லாவிட்டால் மக்கள் மீண்டும் ஆறு மணிக்கே வருவார்கள். வருவதே அவர்களுக்கு அறிவுடைமை.

ஒரு காரணத்துக்குப் போட்டியாக இன்னும் நான்கு காரணங்கள்

மாசி, பங்குனி மாதங்களில் கிளினிக் வரவு குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். "சனத்துக்குத் தங்கள் உடம்பில் அக்கறையில்லை" என்று ஒருவர் சொல்வார். இந்த இடத்தில் ஒரு கட்டாய ஒழுங்கை வைத்துக்கொள்ளுங்கள்: முதற் காரணத்தைப் பற்றி விவாதிப்பதற்கு முன், அதே விளைவைத் தரக்கூடிய வேறு நான்கு காரணங்களையாவது எழுத வேண்டும். காலபோக அறுவடை நடக்கிறது, ஒரு நாள் கூலியை இழக்க முடியாது. முந்திய மாதம் இரண்டு மாதத்துக்கான மருந்து கொடுக்கப்பட்டிருக்கலாம். நோயாளர் அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலைக்கு மாறியிருக்கலாம். ஒரே ஆளுக்கு இரண்டு கொப்பிகள் இருந்து, பழைய இலக்கம் "வரவில்லை" என்று பதிவாகிக்கொண்டிருக்கலாம்.

அடுத்ததாக, ஒவ்வொன்றும் உண்மையானால் பதிவேட்டில் எது வேறுபட்டுத் தெரியும் என்று கேளுங்கள். அறுவடைதான் காரணமானால், முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களின் கீழுள்ள வயற்கிராமங்களில் வரவு குறையும். கரையோர மீனவக் கிராமங்களில் அந்த அளவுக்குக் குறையாது. அக்கறையின்மைதான் காரணமானால் இரண்டிலும் ஒரே மாதிரிக் குறைந்திருக்க வேண்டும். அது மாசியில் மட்டும் ஏன் தலைகாட்ட வேண்டும் என்பதற்கும் விளக்கம் வேண்டும். இரண்டு மாத மருந்துதான் காரணமானால், வராதவர்களின் கொப்பியில் அது எழுதப்பட்டிருக்கும். இரட்டைக் கொப்பிதான் காரணமானால், மருந்தகத்தின் விநியோகம் குறையாமல் வரவு மட்டும் குறைந்திருக்கும். பதிவேட்டைத் திறந்துவைத்து ஒரு பிற்பகல் அமர்ந்தால் இவற்றில் மூன்றை விலக்கிவிடலாம்.

1847 இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற வைத்தியர் செய்ததும் இதுவே. ஒரே வைத்தியசாலையின் இரண்டு மகப்பேற்று விடுதிகளில், மருத்துவ மாணவர்கள் பயின்ற விடுதியில் தாய்மார் பிரசவக் காய்ச்சலால் மிக அதிகமாக இறந்தார்கள்; மருத்துவ மாதுகள் பயின்ற விடுதியில் அவ்வாறில்லை. நெரிசல் காரணமா என்று பார்த்தார். இறப்புக் குறைந்த விடுதியில்தான் நெரிசல் கூட இருந்தது. காற்றா, காலநிலையா என்று பார்த்தார். இரண்டு விடுதிகளுக்கும் அவை பொது. பிணப் பரிசோதனை அறையிலிருந்து கழுவப்படாத கைகளுடன் நேரே பிரசவ விடுதிக்கு வருவது மட்டுமே எஞ்சியது. குளோரின் கலந்த நீரில் கைகழுவுவதை அவர் கட்டாயமாக்கிய சில வாரங்களில், ஏறத்தாழ 18 வீதமாக இருந்த இறப்பு 2 வீதமளவுக்கு இறங்கியது. உங்கள் வைத்தியசாலையில் இரண்டு விடுதிகள், இரண்டு கிளினிக் நாட்கள், இரண்டு கடமை முறைகள் இருக்கின்றன. ஒன்றில் இருக்கும் சிக்கல் மற்றதில் இல்லையாயின், அந்த வேறுபாடு எந்தப் பயிற்சி நெறியையும்விட அதிகம் கற்றுத்தரும்.

மருந்துக் களஞ்சியத்தின் இலக்கங்கள்

இந்தப் பகுதியில் சற்று நீண்ட நேரம் நிற்க விரும்புகிறேன். தாமே உண்டாக்கிய தட்டுப்பாட்டுக்கு நாட்டின் நிலைமையைக் காரணங்காட்டும் வழக்கம் இங்கேதான் மிக எளிதாக நிகழ்கிறது. 2022 இல் அந்நியச் செலாவணி நெருக்கடியால் நாடு முழுவதும் மருந்துகள் இல்லாமற் போயின. அப்போது அந்தக் காரணம் உண்மை. அதன் பின்னரும், எந்த மருந்து முடிந்தாலும் "கொழும்பிலேயே இல்லையாம்" என்று சொல்லி முடித்துவிடும் பழக்கம் நான் பணியாற்றிய இடங்களில் தங்கிவிட்டது.

ஒரு மாத்திரை நோயாளரின் கைக்கு வருமுன் கொழும்பிலுள்ள மருத்துவ வழங்கல் பிரிவு, பிராந்திய மருத்துவ வழங்கல் பிரிவு, வைத்தியசாலைக் களஞ்சியம், வெளிநோயாளர் மருந்தகம் அல்லது விடுதி என்று பல படிகளைக் கடக்கிறது. "மருந்து இல்லை" என்ற கூற்று எந்தப் படியில் உண்மை என்பதை முதலில் கண்டறியுங்கள். பிராந்தியக் களஞ்சியத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் முடியும் வேலை இது. அங்கே இருந்து எங்களிடம் இல்லையென்றால், சிக்கல் எங்கள் கோரிக்கைப் படிவத்தில் இருக்கிறது.

கோரிக்கைப் படிவத்தில் ஒரு மறைவான குழி உண்டு. உயர் குருதியமுக்கத்துக்கான லொசாட்டன் மாத்திரை கடந்த மாதம் 10,000 விநியோகமானது என்று, களஞ்சியத்தின் வரவு செலவைப் பதியும் இருப்பட்டை காட்டுகிறது. ஆகவே இந்த மாதமும் 10,000 கேட்கப்படுகிறது. ஆனால் அந்த 10,000 மாத்திரைகளும் மாதத்தின் 20 ஆம் நாளிலேயே முடிந்துவிட்டன. மிகுதிப் பத்து நாளும் வந்தவர்களுக்கு வெளியே வாங்கும்படி சீட்டு எழுதப்பட்டது. விநியோகமானது 10,000, தேவைப்பட்டது ஏறத்தாழ 15,000. கொடுத்ததைத் தேவையென்று எண்ணிக் கோருவதால், ஒவ்வொரு மாதமும் அதே 20 ஆம் நாளில் அதே மாத்திரை முடிகிறது. வருடாந்த மதிப்பீட்டிலும் அதே பிழை ஏறிவிடுகிறது. கிளிநொச்சியிலோ மல்லாவியிலோ கூலிக்குப் போகும் ஒருவர் அந்தப் பத்து நாள் மருந்தைத் தனியார் மருந்தகத்தில் வாங்குவாரா, வாங்காமல் விடுவாரா என்பது எங்கள் இருப்பட்டையில் ஒருபோதும் பதியப்படுவதில்லை. இதைத் திருத்த வழி எளியது: மருந்து முடிந்த திகதியை இருப்பட்டையில் சிவப்பு மையால் குறித்து, இருந்த நாட்களின் நாளாந்தச் சராசரியை மாதம் முழுவதற்கும் பெருக்கிக் கோருங்கள். வெளியே எழுதிக் கொடுக்கப்பட்ட சீட்டுகளையும் எண்ணி வையுங்கள். அந்த எண்ணிக்கையை இணைத்துச் செல்லும் கோரிக்கையை மறுப்பது கடினம்.

சராசரியே தவறான கருவியாகும் இடமும் உண்டு. பாம்பு விஷ முறி மருந்தை மாதச் சராசரியின்படி வைத்திருக்கலாகாது. பல மாதம் ஒரு குப்பியும் தேவைப்படாதிருக்கலாம். அறுவடைக்கால இரவொன்றில் கண்ணாடி விரியன் கடித்து வரும் ஒருவருக்கே பத்து, இருபது குப்பிகள் தேவைப்படலாம். அவ்வாறான மருந்துக்குக் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஒரே இரவில் இருவர் வந்தால், அடுத்த வைத்தியசாலையிலிருந்து மருந்து வந்து சேரும் வரை எங்களிடம் இருப்பது போதுமா?

தவறு நேர்ந்த பின் கேட்க வேண்டியவை

ஓர் இரவு, மூச்சுத்திணறலுடன் இருந்த நோயாளர் ஒருவரை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு மாற்ற வேண்டியிருந்தது. அம்புலன்ஸில் ஒட்சிசன் உருளை நிறைந்திருந்தது. அதைத் திறக்கும் சாவி இருக்கவில்லை. சாவியைத் தேடி விடுதி விடுதியாக ஓடியதில் இருபது நிமிடம் போனது. நோயாளர் பிழைத்துக்கொண்டார். மறுநாள் காலை அந்த வைத்தியசாலையின் நிர்வாகம் செய்த முதல் வேலை, கடமையிலிருந்த சிற்றூழியரிடம் எழுத்தில் விளக்கம் கோரியது. அந்தக் கடிதத்தைத் தயாரித்தவர்களில் நானும் ஒருவன். அதை எண்ணி இன்றும் வருந்துகிறேன். அவர் பயந்துபோய், "இனிமேல் இவ்வாறு நடக்காது" என்று ஒரு வரி எழுதித் தந்தார். அந்த வரியிலிருந்து நாங்கள் அறிந்துகொண்டது ஒன்றுமில்லை.

பின்னர்தான் அவரைத் தேநீருக்கு அழைத்து, என்ன நடந்தது என்று கேட்டேன். வைத்தியசாலையில் உருளைகள் பல, சாவிகள் இரண்டே. ஒன்று பெண்கள் விடுதியில் இருக்கும். மற்றது அம்புலன்ஸில் இருக்க வேண்டும். பிள்ளைகள் விடுதியில் உருளை மாற்றும்போதெல்லாம் அம்புலன்ஸ் சாவிதான் இரவல் போகும், ஏனெனில் அதுவே அருகில். கடமை மாறும்போது வாகனத்தின் எரிபொருளும் உருளையின் அளவும் எழுதப்படும். சாவிக்கு அந்தப் படிவத்தில் இடமில்லை. அன்றிரவு கடமையிலிருந்தவர் எவராயிருந்தாலும் சாவி இருந்திருக்காது. ஒவ்வோர் உருளையின் கழுத்திலும் ஒரு சாவியைச் சங்கிலியால் கட்டுவதற்கு ஆன செலவு மிகச் சிறியது.

ரொயோட்டா நிறுவனத்திலிருந்து பரவிய "ஐந்து முறை ஏன் என்று கேள்" என்ற முறை எங்கள் தர முகாமைத்துவப் பயிற்சிகளில் கற்பிக்கப்படுகிறது. அதைப் பயன்படுத்துங்கள், இரண்டு எச்சரிக்கைகளுடன். ஒவ்வொரு "ஏன்" இற்குமான விடையையும் யாராவது நேரில் பார்த்து உறுதிப்படுத்தியிருக்க வேண்டும். மேசையிலிருந்தே ஐந்து விடைகளையும் ஊகித்தால், ஐந்து மடங்கு தூரம் பிழையான வழியில் போயிருப்போம். மேலும், விடை ஒரு மனிதரின் பெயரில் வந்து நின்றால் கேள்வியை நிறுத்தக் கூடாது, "அவருடைய இடத்தில் இன்னொருவர் இருந்திருந்தால் விளைவு மாறியிருக்குமா?" என்று கேட்டு மேலே செல்ல வேண்டும். மாறியிருக்கும் என்ற விடை வரும் சந்தர்ப்பங்களும் உண்டு. அப்போது ஒழுக்காற்று நடவடிக்கை அதன் வழியில் செல்லட்டும்.

கூட்டத்தில் யார் முதலில் பேசுவது

பொறுப்பு வைத்திய அதிகாரி முதலில் கருத்துச் சொன்னால், கூட்டம் அங்கேயே முடிந்துவிடுகிறது. எங்கள் ஊர்களில் பெரியவர் சொன்ன பின் மறுத்துப் பேசுவது மரியாதைக் குறைவாகக் கருதப்படும். வைத்தியசாலையின் பதவி ஒழுங்கும் அதோடு சேர்ந்துகொள்கிறது. ஆகவே தலைமை தாங்குபவர் கடைசியில் பேச வேண்டும்; முதலில் சிற்றூழியர்களிடமும் வாயிற் காவலரிடமும் கேட்க வேண்டும். காலை ஐந்து மணிக்கே மக்கள் கிளினிக் கொப்பிகளை யன்னல் ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அந்த ஒழுங்கில் இலக்கம் எடுக்கிறார்கள் என்பதையும், சிலர் மூன்று நான்கு பேருடைய கொப்பிகளைச் சேர்த்துக் கொண்டுவந்து வைக்கிறார்கள் என்பதையும் எங்களுக்குச் சொன்னவர் இரவுக் காவலர். எங்களில் ஒருவரும் ஐந்து மணிக்கு அங்கே நின்றதில்லை.

மொழியையும் கவனியுங்கள். தென்பகுதியிலிருந்து வந்து பணியாற்றும் தாதியர் பலருக்குத் தமிழில் நோயாளருடன் பேசப் பழகினாலும் கூட்டத்தில் வாதிடுமளவுக்கு வராது. சிங்களத்தில் நடக்கும் கூட்டத்தில் எங்கள் சிற்றூழியர்கள் மௌனமாகிவிடுவார்கள். மௌனத்தைச் சம்மதமென்று அறிக்கையில் எழுதாதீர்கள். இரு மொழியும் தெரிந்த ஒருவரை நடுவில் இருத்தி, ஒவ்வொரு முடிவையும் இரு மொழியிலும் வாசித்துவிட்டுக் கேளுங்கள். முக்கியமான முடிவாயின், அதற்கு எதிராக வாதிடும் பொறுப்பை ஒருவரிடம் முன்கூட்டியே ஒப்படையுங்கள். ஒப்படைக்கப்பட்ட வேலையாக இருப்பதால் அவர் எவரையும் புண்படுத்தியதாகக் கருதப்பட மாட்டார்.

செம்மல்வைஸின் கதையின் மறுபாதி இங்கே பொருந்துகிறது. அவருடைய கணக்குச் சரியாக இருந்தும், மேலதிகாரிகளையும் சக வைத்தியர்களையும் அவரால் இணங்கவைக்க முடியவில்லை. வியன்னாவை விட்டுப் போகவே நேர்ந்தது. சரியான விடையைக் கண்டவர், அதை நடைமுறைப்படுத்த வேண்டியவர்களையும் எண்ணும் வேலையில் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். நேரத் துண்டைத் தன் கையால் எழுதிய மருந்தாளரிடம், மருந்தக வரிசை நீளமென்று நான் வாதாட வேண்டியிருக்கவில்லை.

சிறிதாகச் செய்து பார்த்தலும் பதிவு செய்தலும்

மாற்றத்தை முழுக் கிளினிக்குக்கும் ஒரேயடியாகக் கொண்டுவராமல், ஒரு வீதியின் ஊர்களுடன் நான்கு வாரம் செய்து பாருங்கள். தொடங்கும் முன்னரே, எதைக் கண்டால் இது தோல்வி என்று ஏற்றுக்கொள்வோம் என்பதை எழுதி வையுங்கள். முடிந்த பின் எழுதினால் தோல்வியும் வெற்றியாக வாசிக்கப்படும். முன்னையதையும் பின்னையதையும் ஒப்பிடும்போது பருவத்தைக் கவனியுங்கள். மார்கழி மழையில் எண்ணியதை ஆனியில் எண்ணியதுடன் ஒப்பிட்டு மகிழ்ந்தால், வெயிலுக்கு நன்றி சொல்கிறோம் என்றே பொருள். 2018 மார்கழியில் இரணைமடுக் குளம் நிரம்பி வான்பாய்ந்து கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்தது போன்ற வாரங்களைக் கணக்கிலிருந்து தனியே பிரித்து வைக்க வேண்டும். ஓரிடத்தில் குறைந்த காத்திருப்பு வேறோரிடத்தில் கூடவில்லை என்பதையும் பாருங்கள்: வைத்தியரின் முன் வரிசை குறைந்து மருந்தகத்தில் நீண்டிருந்தால், வாங்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

வன்னியில் வைத்தியர்களும் தாதியர்களும் இடமாற்றம் பெற்றுச் செல்வது ஓயாது. ஒருவர் உழைத்து உருவாக்கிய ஒழுங்கு, அவர் சென்ற இரண்டாம் மாதம், காரணம் அறியாத இன்னொருவரால் கைவிடப்படும். ஆகவே ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு பக்கம் கொண்ட கொப்பியொன்றை வைத்திருங்கள். சிக்கலை எண்ணி எழுதிய வசனம், பரிசீலித்த காரணங்கள், விலக்கிய காரணங்களும் விலக்கியதற்கான சான்றும், செய்த மாற்றம், தோல்விக்கான அடையாளம், மீண்டும் பார்க்க வேண்டிய திகதி ஆகியவை அதில் இருக்கட்டும். பதினொரு மணி பஸ்ஸுக்காகத் துண்டுகள் ஏன் ஒதுக்கப்படுகின்றன என்று புதிதாக வருபவர் அதைத் திறந்து அறிந்துகொள்வார். அந்தப் பஸ்ஸின் நேரம் மாறிவிட்டிருந்தால், ஒழுங்கையும் அச்சமின்றி மாற்றுவார். அந்தக் கொப்பியைப் பொறுப்பு அதிகாரியின் மேசை இலாச்சியில் பூட்டி வைக்காமல், கடமை கையளிப்புப் பட்டியலில் அலுமாரிச் சாவிக்கு அடுத்த பொருளாகச் சேர்த்துக் கையொப்பம் பெறுங்கள்.